ஏரி வண்டலும் பொதுத் தோட்டமும்

சேலம் நகரை அடுத்த கன்னங்குறிச்சியில் மூக்கனேரி என்றோர் ஏரி உண்டு. விஸ்தீரணம் 58 ஏக்கர். தூர்ந்து மாசடைந்து கிடந்த இவ்வேரியைச் சேலம் மக்கள் குழுவினர் 2010ஆம் வருஷத்தில் சர்க்கார் அனுமதியுடன் சீர்திருத்த முற்பட்டனர். வெட்டிய மண்ணை வெளியே கொண்டுபோக வண்டிச் சத்தமே பெருஞ்செலவாகும். ஆகையால் அம்மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரக்கன்றுகளை நட்டனர். மழை பெய்து நீர் நிரம்பியபோது அவை பசுந்தீவுகளாயின; பறவைகளும் வந்து தங்கின.

ஊரார் கூடிப் பொதுக் காய்கறித் தோட்டம் போடக் கருதும் சங்கங்களும் ஏரி மண்ணிலிருந்தே தொடங்கலாம். இப்பக்கத்துச் செம்மண்ணில் ஈரம் நெடுநாள் நில்லாது. கோடையில் ஏரி வற்றியதும் உரிய அனுமதி பெற்று வண்டலை எடுத்துப் பரப்பினால் அக்குறை பெரிதும் நீங்கும். நாமக்கல் ஜில்லாவில் கோழி எருவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதைப் பச்சையாக இட்டால் செடி கருகிவிடும், மக்கவைத்தே இடல் வேண்டும். முதல் வருஷத்திற்குக் கத்தரி, வெண்டை, அவரை, முருங்கை போதும். பூச்செடி ஆசை பின்னர் ஆகட்டும்.

விதை கொடுக்க எவரும் முன்வருவர். சித்திரை வைகாசியில் நீர் இறைக்க வருவோர் யார் என்பதே கேள்வி. ஆகவே நடுவதற்கு முன்னரே வீட்டுக்கு ஒரு நாள் என முறை வகுத்து, சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி, அங்கத்தினர் யாவரிடமும் கையொப்பம் பெறுதல் அவசியம். முறை தவறிய வீட்டாருக்கு அவ்வாரக் காய்ப் பங்கு இல்லை என்பதையும், மனஸ்தாபத்திற்கு அஞ்சாது, அதிலேயே சேர்த்தெழுதிவிடலாம்.