சிவப்பு விளக்கு எதற்குச் சாட்சி?

வால்வு ஆம்ப்ளிஃபயரை வீட்டிலேயே கட்டுகிறவர்கள் கடைசியாகப் பொருத்துவது முன்பலகையில் வரும் சிவப்பு விளக்கைத்தான். இரண்டு ஒயர்தானே, எங்கே சேர்த்தால் என்ன என்று தோன்றும். ஆனால் அது எரிந்தால் என்ன அர்த்தம், அணைந்தால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் அந்த இரண்டு ஒயரும் போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்தது.

வால்வே ஒளிருமே, தனி விளக்கு எதற்கு என்று கேட்கலாம். வால்வுக்குள் இருக்கும் கேதோடு ஏறக்குறைய 750 டிகிரி செல்சியஸில் மங்கலான ஆரஞ்சு நிறத்தில்தான் கனலும். அதையும் ஆனோடு தகடு சுற்றி மறைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, ஸ்விட்ச் போட்ட பிறகு கேதோடு சூடேறிச் சத்தம் வரப் பத்துப் பதினைந்து விநாடி பிடிக்கும். அதுவரை கருவி உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல ஒரு விளக்கு வேண்டும்.

கலிஃபோர்னியாவின் ஃபெண்டர் நிறுவனம் 1950களின் பிற்பாதியில் விற்ற 'சேம்ப் 5எஃப்1' என்ற சின்ன கிட்டார் ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொள்வோம். இன்றும் பலர் வீட்டில் கட்டிப் பழகும் சர்க்யூட் இது. மூன்றே வால்வுகள்: 12ஏஎக்ஸ்7, 6வி6, 5ஒய்3. டிரான்ஸ்ஃபார்மரில் வால்வுகளைச் சூடாக்க 6.3 வோல்ட், 5 வோல்ட் என இரண்டு சுற்றுகள் உண்டு. இன்னொரு சுற்றிலிருந்து 300 வோல்ட்டுக்கும் மேலான டி.சி. கிடைக்கும்.

அதென்ன 6.3? 1930களில் கார் ரேடியோக்கள் பரவியபோது கார்களில் இருந்தது மூன்று செல் கொண்ட லெட்-ஆசிட் பேட்டரி. செல்லுக்கு 2.1 வோல்ட், மூன்றும் சேர்ந்தால் 6.3. அந்தக் கணக்கு வீட்டு ரேடியோவுக்குள்ளும் வந்து நிலைத்துவிட்டது. இண்டிகேட்டர் பல்புகளும் அதே அளவில் தயாராயின. '47ஆம் நம்பர்' பல்பு 6.3 வோல்ட்டில் 0.15 ஆம்பியர் எடுக்கும். சேம்பின் இரண்டு 6.3 வோல்ட் வால்வுகளும் சேர்ந்து எடுப்பது 0.75 ஆம்பியர். ஆகவே ஒரு பல்பைச் சேர்த்தால் அந்தச் சுற்றின் சுமை ஐந்தில் ஒரு பங்கு கூடும். பெரும்பாலான டிரான்ஸ்ஃபார்மர்கள் இதைத் தாங்கிவிடும்.

இழை பல்பின் ஆயுள், வோல்ட்டேஜின் ஏறத்தாழ பன்னிரண்டாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டால் பல்புக்குக் கிடைப்பது 5 வோல்ட்தான். வெளிச்சம் பாதிக்கும் சற்றுக் கீழே இறங்கும்; ஆயுளோ சுமார் பதினாறு மடங்கு நீளும். முன்பலகை விளக்குக்கு இந்த வெளிச்சமே தாராளம்.

கவனம் வேண்டியது ஹோல்டரில். மலிவான ஹோல்டர்கள் பலவற்றில் பல்பின் உலோக உறை நேராகக் கருவியின் உலோகச் சட்டமான சேஸிஸைத் தொடும். ஸ்பீக்கரில் உறுமல் கேட்காமலிருக்க, 6.3 வோல்ட் சுற்றின் நடுமுனையைச் சேஸிஸோடு இணைப்பது வழக்கம். இப்போது ஹோல்டர் வழியாகச் சுற்றின் ஒரு முனையும் சேஸிஸைத் தொட்டால், பாதிச் சுற்று ஷார்ட் ஆகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் புகையும். இரண்டு முனையும் சேஸிஸைத் தொடாத ஹோல்டர்தான் வேண்டும்.

சரி, இப்படிச் சேர்த்த விளக்கு எதற்குச் சாட்சி? மெயின்ஸ் வருகிறது, ஃபியூஸ் போகவில்லை, டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்கிறது என்ற மூன்றுக்கும். அதோடு சரி. ஸ்விட்சை அணைத்ததும் பல்பு அணையும். ஆனால் டி.சி.யைச் சீராக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர்களில் ஏறிய 300 வோல்ட் அங்கேயே நிற்கலாம். வால்வுகள் சூடாக இருந்தால் அவை வழியே அது சீக்கிரம் வடிந்துவிடும். பழுதுபார்க்க வால்வைக் கழற்றிவிட்டால் வடிய வழியே இல்லை. ஆளைக் கொல்லக்கூடிய அந்த வோல்ட்டேஜைப் பற்றி முன்பலகை விளக்குக்கு ஒன்றும் தெரியாது.

அதைச் சொல்ல நியான் பல்பு உதவும். எலக்ட்ரீஷியன் சட்டைப்பையில் குத்தியிருக்கும் டெஸ்டருக்குள் மினுக்குவதும் இதுதான். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் டேனியல் மெக்ஃபார்லன் மூர் 1917இல் இதை உருவாக்கினார். உள்ளே சூடாகும் இழை கிடையாது. நியான் வாயுவில் இரண்டு கம்பிகள் மட்டும். டி.சி.யில் சுமார் 90 வோல்ட் எட்டும்வரை சும்மா இருக்கும். அதைத் தாண்டியதும், வாயுவில் திரியும் ஓரிரு எலக்ட்ரான்கள் வேகம் பிடித்து நியான் அணுக்களை மோதி உடைக்கும். உடைந்ததிலிருந்து மேலும் எலக்ட்ரான்கள் கிளம்பும். மோதலில் கிளர்ச்சியுற்ற அணுக்கள் பழைய நிலைக்கு இறங்கும்போது ஆரஞ்சு ஒளி பிறக்கும். ஏ.சி.யில் இரண்டு கம்பியும் ஒளிரும், டி.சி.யில் எதிர்மின்முனைக் கம்பி மட்டும்.

பற்றிக்கொண்டபின் கரண்ட் தானாக நிற்காது, ஏறிக்கொண்டே போகும். ஆகவே 470 கிலோ ஓம் போல ஒரு ரெசிஸ்டர் தொடராக இருந்தே தீர வேண்டும். இதற்குக் கால்வாட் ரெசிஸ்டர் ஒன்று போதாது. வெப்பம் குறைவுதான் என்றாலும், அது தாங்கும் வோல்ட்டேஜ் பொதுவாக 250தான். இரண்டாகப் பிரித்துத் தொடரில் போடுவது நல்லது.

இந்த நியானை ஃபில்டர் கப்பாசிட்டருக்குக் குறுக்கே சேர்த்தால், ஸ்விட்சை அணைத்த பிறகும் சார்ஜ் இருக்கும்வரை எரியும், போகப்போக மங்கும். அதோடு சார்ஜைக் கொஞ்சம் கொஞ்சமாக வடிக்கவும் செய்யும். ஆனால் 60 வோல்ட் பக்கம் வந்ததும் அணைந்துவிடும். மிச்சம் கப்பாசிட்டரிலேயே தங்கும். அதை வடிக்கத் தனியாக ஒரு ரெசிஸ்டர் கப்பாசிட்டருக்குக் குறுக்கே நிரந்தரமாக இருக்க வேண்டும்.

ஆகவே இரண்டு விளக்கும் இருந்தால் உத்தமம்: முன்பலகையில் 6.3 வோல்ட் பல்பு, சேஸிஸுக்குள் ஒரு நியான். எந்த விளக்கானாலும் எரிந்தால் மின்சாரம் இருக்கிறதென்று நம்பலாம். அணைந்திருந்தால் ஒன்றையும் நம்பக் கூடாது. பல்பே ஃபியூஸ் போயிருக்கலாம். உள்ளே கை வைக்குமுன் மல்ட்டிமீட்டரைக் கப்பாசிட்டர் முனைகளில் வைத்து, பூஜ்ஜியத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.