கான்ஃபரன்ஸ்ல பிளாஸ்டிக் பாட்டில் இல்ல, சரி. ஃபிளைட்?

டெக் கான்ஃபரன்ஸுக்குப் போன அனுபவம் இருந்தா இதெல்லாம் பழக்கமா இருக்கும்: வாசல்ல துணிப்பை, தண்ணி பாட்டிலுக்குப் பதில் ஸ்டீல் டம்ளர், பேப்பர் அஜெண்டாவுக்குப் பதில் கியூஆர் கோடு. மேடையில ஒருத்தர் "இது கிரீன் ஈவென்ட்"னு சொல்வார், நாமளும் கை தட்டுவோம். நல்ல விஷயம்தான், நான் கிண்டல் பண்ணல. ஆனா ஒரு ஆப் ஸ்லோவா ஓடுதுன்னா, கண்ணுல படற ஃபங்ஷனை உடனே திருத்த உட்கார மாட்டோம் இல்லையா? முதல்ல ப்ரொஃபைலர் ஓட்டி, நேரம் எங்க போகுதுன்னு பார்ப்போம்.

ஒரு பெரிய கான்ஃபரன்ஸுக்கு அப்படி ஒரு கணக்கு போட்டிருக்காங்க. அமெரிக்கப் புவி இயற்பியல் சங்கம், சுருக்கமா ஏஜியூ, 2019 டிசம்பர்ல சான் ஃபிரான்சிஸ்கோவுல நடத்தின ஆண்டுக் கூட்டம். 2020-ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வு இது. வந்தவங்க சுமார் 28,000 பேர். எல்லாரோட பயணத்தையும் கூட்டினா 28.5 கோடி கிலோமீட்டர். சூரியனுக்குப் போயிட்டு கிட்டத்தட்ட திரும்பி வந்துடற தூரம்! பயணத்துல மட்டும் வெளியான கார்பன் சுமார் 80,000 டன், அதாவது தலைக்கு 3 டன். சராசரி இந்தியர் ஒருத்தர் கணக்குல வருஷம் முழுக்க வர்றதே 2 டன் சுமார்தான். இதுல வேடிக்கை என்னன்னா, அங்க வந்த நிறைய பேருக்குப் பருவநிலை ஆராய்ச்சிதான் தொழிலே.

கூட்டம் நடந்த மாஸ்கோனி சென்டர் ஒண்ணும் ஏனோதானோ கட்டிடம் இல்ல. கூரையில சோலார் இருக்கு. அஸ்திவாரத்துல ஊறுற தண்ணியைச் சுத்திகரிச்சு டாய்லெட்டுக்கும் செடிக்கும் விடறாங்க. இருந்தும், ஆளுங்க எங்கிருந்து பறந்து வர்றாங்கங்கிறதை மண்டபத்துக்காரர் மாத்த முடியாது. அது ஏற்பாட்டாளர் கையில இருக்கு. அதே ஆய்வுப்படி, வேற எதையும் மாத்தாம கூட்டத்தை சிகாகோவுக்கு நகர்த்தியிருந்தாலே பயணக் கார்பன்ல 12% குறைஞ்சிருக்கும்.

இந்தத் துறையும் சும்மா இல்ல. 2021-ல கிளாஸ்கோ காப்26 மாநாட்டுல 'நெட் ஜீரோ கார்பன் ஈவென்ட்ஸ்'னு ஒரு உறுதிமொழி கொண்டு வந்தாங்க: 2030-க்குள்ள பாதி, 2050-க்குள்ள நெட் ஜீரோ. ஊரைத் தேர்ந்தெடுக்கிற முறை மாறாம அது எப்படி நடக்கும்னு எனக்குப் புரியல.

"அப்போ எல்லாத்தையும் ஜூம்ல வச்சுடலாமே?" 2021-ல நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்ல வந்த இன்னொரு ஆய்வுப்படி, முழுக்க ஆன்லைன்ல நடத்தினா கார்பன் 94% குறையும். ஆனா லாக்டவுன்ல நாம பார்த்ததுதானே: டாக் முடிஞ்சதும் லேப்டாப்பை மூடிட்டுப் போயிடுவோம். காபி மெஷின் பக்கத்துல நடக்கிற பேச்சு அங்க கிடையாது. பல பேருக்கு அடுத்த வேலையே அந்தப் பேச்சுலதான் கிடைக்குது. அதே ஆய்வு நடுவழியும் ஒண்ணு சொல்லுது: சரியா தேர்ந்தெடுத்த சில ஊர்கள்ல ஹப் வச்சு, மிச்சப் பேரை ஆன்லைன்ல சேர்த்தா, பாதிக்கு மேல ஆளுங்க நேர்ல வந்தும் மூணுல ரெண்டு பங்கு குறைக்கலாம்.

எனக்கு இங்கதான் ஒரு உறுத்தல். ஏஜியூ கணக்குல, 8,000 கிலோமீட்டருக்கு மேல பறந்து வந்தவங்க மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல. கார்பன்ல அவங்க பங்கோ முக்கால்வாசி. "தூரத்துல இருக்கிறவங்க வர வேண்டாம்"னு ஒரு வரியில முடிச்சுடலாம். ஆனா கான்ஃபரன்ஸ் எப்பவும் அமெரிக்காவுலயே நடந்தா சென்னை எப்பவும் தூரம்தான். விசாவுக்கு மாசக்கணக்குல அலைஞ்சு, முதல் பேப்பரை எடுத்துட்டுப் போற நம்ம ஊர் பிஎச்டி மாணவியைத்தான் முதல்ல வெட்டுவாங்க.

என்னைக் கேட்டா, ஹப் ஒண்ணு ஆசியாவுல இருக்கணும். அது வர்ற வரைக்கும் இருபதாவது தடவையா வர்ற கீநோட் ஸ்பீக்கர் வீட்டுல இருந்து பேசட்டும், அவருக்குத்தான் அங்க எல்லாரையும் தெரியுமே. நீங்க ஏதாவது மீட்டப் நடத்தறீங்கன்னா, ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம்ல ரெண்டு கேள்வி சேருங்க: எந்த ஊர்ல இருந்து வர்றீங்க, எதுல வர்றீங்க? அடுத்த வருஷம் எந்த ஊர்ல வைக்கலாம்னு பேசும்போது அந்த ஷீட்டைத் திறந்து வச்சுக்கோங்க.