களத்துல ஒரு விலை, கடையில ஒரு விலை – ஏன்?



குதிரைவாலியை நம்ம பக்கம் குருதவாலின்னுதான் சொல்லுவோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் காட்டில் ஐப்பசி மழையை நம்பி விதைத்து, தை மாசம் அறுப்பார்கள். கிணற்றுத் தண்ணி கேட்காத பயிர். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை உலக சிறுதானிய ஆண்டாகவே அறிவித்தது. ஆனால் கடையில் குதிரைவாலி அரிசி விற்கிற விலைக்கும், களத்தில் நமக்குக் கிடைக்கிற விலைக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. ஏன்?

தானியம் போகிற பாதையைப் பாருங்கள்:
களம் → உள்ளூர் வியாபாரி → மொத்த வியாபாரி → ஆலை → கடை.

வியாபாரிக்கும் லாரி வாடகை, சாக்கு, ஆலைக்கூலி எல்லாம் உண்டு. உமி போனால் எடையும் குறையும். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாம் நஷ்டப்படுவது மூன்று இடத்தில்.

1. அவசரம்: போன தையில் எங்க அப்பா களத்திலேயே மூட்டையை விற்றார். உழவுக்கூலி, விதைக்கடன் கழுத்தை நெரித்தது. வியாபாரி சொன்னதுதான் விலை. எல்லாரும் ஒரே நேரத்தில் விற்றால் விலை இறங்கத்தானே செய்யும்?

2. எடை: யார் தராசு, எத்தனை கிலோ கழிவு என்று நாம் கேட்பதில்லை.

3. உமி: இதன் உமி கெட்டியானது. அந்தக் காலத்தில் பாட்டிமார் உரலில் குத்தினார்கள். இப்போது ஆலைக்குத்தான் போகணும். தமிழ்நாட்டுச் சிறுதானியம் மகாராஷ்டிராவின் நாசிக் வரை போய் அரிசியாகித் திரும்பியதும் உண்டு! உமி நீக்குகிற லாபம் அங்கேயே நின்றுவிடும்.

இதற்கு வழி உண்டா? உண்டு.

அரசு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சரியான எடை போட்டு, ஏலத்தில் விற்கலாம். விலை இல்லையென்றால் நன்றாகக் காயவைத்த தானியத்தை அங்கேயே இருப்பு வைத்து, அதன் மதிப்பில் ஒரு பங்கைப் பொருளீட்டுக் கடனாக வாங்கலாம். கடனை அடைச்ச மாதிரியும் ஆச்சு, விலை ஏறும்வரை காத்திருந்த மாதிரியும் ஆச்சு.

10 விவசாயிகள் சேர்ந்தாலே உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கலாம். 2002-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி இதற்கு வழி செய்தார்கள். யார் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். ஒருத்தரால் உமி நீக்கும் மெஷின் வாங்க முடியாது. ஊர் சேர்ந்தால் முடியும். உமி நம்ம ஊரிலேயே நீங்கினால் கூலியும் நம்ம ஊருக்குத்தான்.

விலை கட்டாது என்று காட்டைத் தரிசாகப் போட்டால் என்ன ஆகும்? சீமைக்கருவேலம் ஏறிவிடும். பிறகு அதைத் தோண்டி எடுக்க ஆகிற செலவுக்குப் பயந்தே பலர் விவசாயத்தை விட்டுவிடுகிறார்கள். நியாயமான விலை என்பது அப்பாவின் சட்டைப்பை விஷயம் மட்டும் இல்லை நண்பர்களே, நம்ம காடு காடாக இருக்குமா என்கிற விஷயம்.

அறுப்புக்கு முன்னாடி வீட்டில் கேளுங்கள்: விற்பனைக் கூடத்தில் இன்றைக்கு என்ன விலை? ஆசிரியர்கள் அனுமதித்தால், தை மாசம் முழுக்க அந்த விலையை வாரம் ஒருமுறை விசாரித்து இந்தப் பலகையிலேயே எழுதிப்போட நான் தயார்!

– பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி