கிரிப் வழுக்குதா? முழங்கை ஜாக்கிரதை!

காலையில் ஷட்டில் ஆடிவிட்டு வந்து காபி டம்ளரைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்பக்கம் 'சுருக்'கென்கிறதா? துணி பிழியும்போதும், கதவுக் குமிழைத் திருகும்போதும் அதே இடத்தில் வலியா? 'டென்னிஸ் எல்போ' என்பார் டாக்டர். "நான் டென்னிஸே ஆடினதில்லையே, டாக்டர்!" என்று பதற வேண்டாம். மணிக்கட்டைப் பின்பக்கமாக நிமிர்த்தும் தசைகள், முழங்கையின் வெளிப்புற எலும்பு முடிச்சில்தான் போய் ஒட்டுகின்றன. அந்த இடத்துத் தசைநார் நைந்து போவதால் வருகிற வலி இது. ஸ்பேனர் பிடிக்கிற மெக்கானிக்குக்கும் வரும், பாட்மிண்டன் ஆடுகிறவருக்கும் வரும்.

வலி வந்ததும் 'வயசாயிடுச்சு', 'வார்ம்-அப் பண்ணலை' என்று என்னென்னவோ காரணம் சொல்கிறோம். கையில் பிடித்திருந்த ராக்கெட்டை மட்டும் பார்க்க மாட்டோம். அதன் கைப்பிடியில் சுற்றியிருக்கும் கிரிப் பளபளவென்று தேய்ந்து, வியர்வையில் ஊறி வழுக்கும். நழுவிவிடுமோ என்று கை தன்னால் இறுக்கும். அடிக்கும்போது இறுக்கினால் பரவாயில்லை. சும்மா நிற்கும்போதும் இறுக்கினால் தசைக்கு ஓய்வு ஏது? நல்ல ஆட்டக்காரர்களைக் கவனியுங்கள். ஷட்டில் வரும்வரை ராக்கெட்டை லேசாக ஏந்தியிருப்பார்கள். அடிக்கிற அந்த நொடியில்தான் விரல்கள் இறுகும்.

கிரிப்பை மாற்றினால் வலி பறந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கல்லூரி டென்னிஸ் வீரர்களின் கைப்பிடிச் சுற்றளவைக் கால் அங்குலம் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். முன்கைத் தசைகளின் வேலையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எனவே அளவைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். வழுக்கலை ஒழிப்பதுதான் முக்கியம். அதற்கு ஆகிறது ஒரு டிபன் செலவும் பத்து நிமிஷமும்தான்.

கடையில் மூன்று விதமான கிரிப் கிடைக்கும். ராக்கெட்டோடு வருவது தடித்த அடி கிரிப். அதன் மேல் சுற்றும் மெல்லிய பட்டைக்குப் பெயர் ஓவர்கிரிப். மூன்றாவது பருத்தித் துண்டு மாதிரி இருக்கும் டவல் கிரிப். கை தண்ணீராய் வியர்க்கிறவர்களுக்கு டவல் கிரிப் வரப்பிரசாதம். ஆனால் சீக்கிரம் அழுக்கேறி நாற்றம் அடிக்கும், அடிக்கடி மாற்றணும். மற்றவர்களுக்கு ஓவர்கிரிப்பே போதும்.

இப்போது சுற்றலாமா? முதலில் பழைய ஓவர்கிரிப்பைக் கழற்றிவிடுங்கள். நிறைய வீடுகளில் பழசு மேலேயே புதுசு, அதற்கு மேல் இன்னொன்று என்று சுற்றிச் சுற்றிக் கைப்பிடி பூரிக்கட்டையாகி இருக்கும்! கைப்பிடிக்கு எட்டுப் பட்டைகள் உண்டு. கட்டைவிரல் அவற்றைத் தடவித்தான் ராக்கெட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. உருண்டையாகிவிட்டால் அந்த அடையாளம் போச்சு.

புது ஓவர்கிரிப்பின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்க மறந்து அப்படியே சுற்றிவிட்டு, "இதுவும் வழுக்குதே" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

கைப்பிடியின் அடி உங்களைப் பார்த்தபடி, ராக்கெட்டின் தலை எதிர்ப்பக்கம் இருக்கட்டும். ஓவர்கிரிப்பின் குறுகலான முனையை அடிவிளிம்பில் ஒட்டி, அங்கேயே ஒரு சுற்று முழுதாகச் சுற்றுங்கள். பிறகு சற்றுச் சாய்வாக மேலே ஏறணும். வலக்கைக்காரர்களுக்குக் கடிகார முள் திசை, இடக்கைக்காரர்களுக்கு எதிர்த்திசை. விரல்கள் மடங்குகிற திசையிலேயே கிரிப்பும் போனால், பிடிக்கப் பிடிக்க அது அவிழாமல் படியும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏறினால் போதும். லேசாக இழுத்துக்கொண்டே போங்கள். இழுக்காவிட்டால் சுருக்கம் விழும், அந்தச் சுருக்கம் உள்ளங்கையில் கொப்புளமாகிவிடும். அளவுக்கு மீறி இழுத்தால் மெத்தென்ற தன்மை போய்விடும். கைப்பிடி ஒடுங்கும் இடம் வந்ததும் மிச்சத்தைச் சாய்வாக வெட்டி, கூட வரும் டேப்பால் ஒட்டிவிடுங்கள். டேப் தொலைந்து போயிருந்தால் எலெக்ட்ரீஷியன் டேப் போதும்.

சுற்றியபின் பிடித்துப் பாருங்கள். விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருந்தால் சரி. குழந்தைகளுக்கு அப்பாவின் ராக்கெட்டைக் கொடுக்கும்போது இதைக் கட்டாயம் பார்க்கணும். புதிதாக வாங்கும்போது 'ஜி4', 'ஜி5' என்று போட்டிருப்பார்கள். எண் கூடக் கூடக் கைப்பிடி மெலியும்.

கொப்புளம் வந்துவிட்டால் தோலை உரிக்காதீர்கள். சோப்பு போட்டுக் கழுவி, பிளாஸ்திரி ஒட்டி இரண்டு நாள் ஆடாமல் இருங்கள். முழங்கை வலிக்கு ஓய்வும், துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடமும் தரலாம். இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ, விரல் மரத்தாலோ, டம்ளர் கை நழுவினாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

ஆடி முடித்ததும் ஈர ராக்கெட்டை உறைக்குள் திணித்து ஜிப்பை மூட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஃபேன் காற்றில் கொஞ்ச நேரம் வையுங்கள். கிரிப் இன்னும் சில வாரம் கூடுதலாக உழைக்கும்.