70 கொண்டை ஊசி வளைவுகள்... கொல்லிமலைக்கு பைக்கில் போறீங்களா? ஏறுவதை விட இறங்குவதில்தான் ஆபத்து!

நாமக்கல்,-

விடுமுறை நாள் வந்துவிட்டால் போதும், சேந்தமங்கலம் ரோட்டில் பைக்குகள் வரிசைகட்டி பறக்கின்றன. எல்லாம் கொல்லிமலைக்குத்தான். கணவன், மனைவி, நடுவில் குழந்தை என்று குடும்பமாக போகிறவர்களும் உண்டு. நண்பர்களோடு கும்பலாக கிளம்பும் வாலிபர்களும் உண்டு.

அடிவாரமான காரவள்ளியில் மலைப்பாதை தொடங்குகிறது. அங்கிருந்து சோளக்காடு போய் சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் 1/70, 2/70 என்று போர்டு இருக்கும். எண்ணிக்கொண்டே போகலாம். மேலே உள்ள ஊர்கள் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன.

ஓரி ஆண்ட மலை

கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என 5 உயிர்களை வீழ்த்தியதாக சங்க இலக்கியம் சொல்கிறது. செம்மேட்டில் அவருக்கு சிலை உள்ளது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கையொட்டி அரசு சார்பில் விழாவும் நடக்கிறது.

வளப்பூர்நாடு, குண்டூர்நாடு, வாழவந்திநாடு என்று இங்குள்ள ஊராட்சிகளின் பெயர்கள் இன்றும் 'நாடு' என்றே முடிகின்றன. மிளகு, காபி, பலா, அன்னாசி விளையும் பூமி. அறப்பளீஸ்வரர் கோவிலும், அதன் அருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப்போய் பார்க்க வேண்டிய ஆகாயகங்கை அருவியும் பிரசித்தம்.

பிரேக் ஏன் பிடிக்காமல் போகிறது?

ஏறும்போது வண்டி திணறும். அதனால் எல்லோரும் பயந்து, பார்த்து ஓட்டுகிறார்கள். இறங்கும்போதுதான் அசட்டை வந்துவிடுகிறது. "இறக்கம்தானே, பெட்ரோல் மிச்சம்" என்று என்ஜினை ஆப் பண்ணிட்டு நியூட்ரலில் விடுகிறார்கள். இதுதான் எமனுக்கு போடும் வெற்றிலை பாக்கு.

கியரில் இருந்தால் என்ஜினே வண்டியை பிடித்து இழுக்கும். நியூட்ரலில் விட்டால் மொத்த பாரமும் பிரேக்கின் தலையில் விழும். விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் ஷூ சூடேறி பிடிமானம் குறையும். டிஸ்க் பிரேக் என்றால் உள்ளே உள்ள ஆயில் கொதித்து, லிவர் பொசுக்கென்று உள்ளே போகும். வண்டி நிற்காது. அடுத்த வளைவு 100 அடியில் வந்து நிற்கும்!

எந்த கியரில் ஏறினோமோ, அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை டிரைவர்களின் பழைய பாடம். பெரும்பாலும் 1, 2-வது கியர்தான். பிரேக்கை விட்டு விட்டு பிடிக்க வேண்டும்.

ஸ்கூட்டர்காரர்கள் உஷார்

கியர் இல்லாத ஸ்கூட்டர், மொபட்டுகளில் வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விட்டுவிடும். என்ஜின் இழுத்துப் பிடிக்காது. எனவே 10 வளைவுக்கு ஒரு முறையாவது ஓரமாக நிறுத்தி பிரேக்கை ஆறவிடுவது நல்லது. சூடான டிரம் மீது தண்ணீர் ஊற்றக் கூடாது.

வழி யாருக்கு?

குறுகலான இடத்தில் மேலே ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி. இது சாலை விதி. இறங்குகிறவர்தான் நின்று வழிவிட வேண்டும். பஸ் திரும்ப மொத்த ரோடும் தேவைப்படும். ஆரன் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்றுவிட வேண்டும். வளைவில் நுழைந்த பிறகு கியர் மாற்றக் கூடாது. முன்கூட்டியே குறைத்துவிட வேண்டும்.

கிளம்பும் முன் பிரேக், டயர், ஹெட்லைட் பார்த்து, கீழேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் அவசியம். மாலையில் பனிமூட்டம் இறங்கினால் எதிரே வருவது தெரியாது. வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். குரங்குகளுக்கு தின்பண்டம் வீசினால் அவை நடுரோட்டுக்கு வந்து விபத்துக்கு வழிவகுக்கும்.

இன்னொன்று. சுற்றுலா வருகிறவர்களுக்கு இது ஜாலி ரோடு. மலைவாழ் மக்களுக்கோ மிளகு மூட்டை இறக்கவும், பிரசவத்துக்கு பெரிய ஆஸ்பத்திரி போகவும் இதுதான் வழி. ஒரு வளைவில் ஒரு பைக் விழுந்து கிடந்தால் பின்னால் வரும் ஆம்புலன்சும் சேர்ந்தே நிற்கும். நிதானமாக ஓட்டினால் நமக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.