குத்தின் பலம் பாதத்தில்

சக்கர நாற்காலியில், அதாவது அலுவலகத்தில் உருளுமே அதில், கால்களைத் தூக்கிக்கொண்டு அமர்ந்து சுவரைக் கையால் தள்ளிப் பாருங்கள். பின்னால் உருள்வீர்கள். நீங்கள் தள்ளும் அதே விசையில் சுவரும் உங்களைத் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. காலைத் தரையில் ஊன்றினால் உருள மாட்டீர்கள்.

குத்துச்சண்டையிலும் இதே கதைதான். வலக்கைக்காரரின் பலத்த குத்து, பின்னால் ஊன்றிய வலது பாதம் தரையை உந்துவதில் தொடங்குகிறது. பிறகு இடுப்பு திரும்பும், தோள் திரும்பும், கடைசியில்தான் கை நீளும். டம்பல் தூக்கிப் புஜத்தை மட்டும் பெருக்கியவரின் குத்து ஏமாற்றுவது இதனால்தான். குந்தி எழுங்கள், கனமான பந்தை இடுப்பைத் திருப்பிச் சுவரில் எறியுங்கள்.

கையை முதலிலேயே இறுக்கினால், மடக்கும் தசை நீட்டும் தசையோடு மல்லுக்கட்டி வேகத்தைக் குறைக்கும். தளர்வாக விட்டு, குத்து படும் கணத்தில் மட்டும் முஷ்டியை இறுக்குங்கள். அப்போது கையோடு உடலின் நிறையும் சேர்ந்து மோதும்.

ஆர்வத்தில் வெறுங்கையால் பையைக் குத்திவிடாதீர்கள். சுண்டுவிரலுக்குக் கீழுள்ள உள்ளங்கை எலும்பு முறிவதற்குக் குத்துச்சண்டையாளர் முறிவு என்றே பெயர். வேடிக்கை என்னவென்றால், அது அதிகம் வருவது கோபத்தில் சுவரைக் குத்துபவர்களுக்குத்தான். துணிப்பட்டை சுற்றி, கையுறை அணிந்து, மணிக்கட்டை நேராக வைத்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் படும்படி குத்துங்கள்.