ஆபரேஷன் முடிந்தது, டயட்டீஷியன் யார்?

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து ஃபைலும் கையுமாக யோசனை கேட்டு வரும்போது, "உங்க டயட்டீஷியன் யாரு?" என்றுதான் முதலில் கேட்பேன். பலரிடம் பதில் இருக்காது. சர்ஜன் பெயர் தெரியும், கட்டிய தொகை ரூபாய் சுத்தமாக ஞாபகம் இருக்கும். டயட்டீஷியன் என்றால், "டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஒரு மேடம் வந்து பேப்பர் குடுத்தாங்க" என்பதோடு சரி. அண்மையில் ஒரு பெண்மணி அந்தப் பேப்பரைக் காட்டினார். ஜெராக்ஸ் தாள். 'சர்க்கரை நோயாளிகளுக்கான உணவு முறை' என்ற தலைப்பைப் பேனாவால் அடித்து, மேலே 'ஆபரேஷன்' என்று எழுதியிருந்தது. காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கப் சாதம், இரவு இரண்டு சப்பாத்தி. அவருக்குச் செய்தது ஸ்லீவ் ஆபரேஷன். அதில் இரைப்பையின் ஏறக்குறைய 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அவர் எப்படி மூன்று இட்லி சாப்பிடுவார்? சாப்பிட முயன்று, நுரைநுரையாக வாந்தி எடுத்து, பயந்துபோய், டீயும் ரஸ்க்குமாக நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. எடை நன்றாக இறங்குகிறதே என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

இது ஒருவருடைய கதை இல்லை. சர்ஜனின் வேலை சில மணி நேரத்தில் முடிகிறது. அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க உள்ள வேலை டயட்டீஷியனுடையது. ஆனால் விளம்பரம், பேக்கேஜ், தவணை வசதி எல்லாம் முதல் வேலைக்குத்தான். இரண்டாவதை நோயாளியின் தலையில் கட்டிவிட்டு மருத்துவமனைகள் ஒதுங்கிக்கொள்கின்றன. நாமும் அதைக் கேட்டு வாங்குவதில்லை.

முதலில் உயிர்போகும் விஷயம். ஆபரேஷன் முடிந்த வாரங்களில், மாதங்களில், விடாமல் வாந்தி வந்தால் தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவது நம் ஊர் வழக்கம். அது ஆபத்து. தயமின் என்கிற வைட்டமின் பி1-ஐ உடல் அதிகம் சேமித்து வைப்பதில்லை. சாப்பாடு தங்காவிட்டால் சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருப்பதும் கரைந்து மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறிப் புத்தி தடுமாறுவது இதன் அடையாளங்கள். தாமதித்தால் நிரந்தர ஊனம்கூட ஆகலாம். எனவே பர்ஸில் ஒரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள். செய்த ஆபரேஷனின் பெயர், தேதி, சர்ஜனின் எண், 'வாந்தி இருந்தால் குளுக்கோஸுக்கு முன் தயமின் கொடுக்கவும்' என்ற வரி, இரைப்பை பைபாஸ் செய்தவரானால் 'வலி மாத்திரை டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்' என்ற வரி. வலி மாத்திரைகளில் பல, குடலை இணைத்த இடத்தில் புண்ணை உண்டாக்கக் கூடியவை. அட்டையில் என்ன இருக்கிறது என்பது வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, டயட்டீஷியனை எப்படித் தேர்ந்தெடுப்பது? இங்கே யார் வேண்டுமானாலும் 'டயட்டீஷியன்' என்று போர்டு மாட்டிக்கொள்ளும் நிலை நெடுங்காலமாக இருக்கிறது. ஜிம் பயிற்சியாளர், பவுடர் விற்பவர், ஆறு வார ஆன்லைன் சான்றிதழ் வாங்கியவர் எல்லோரும் அந்தப் பெயரில் உலவுகிறார்கள். துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்து, டயட்டீஷியன்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனாலும் எதிரில் இருப்பவரின் படிப்பையும் பதிவு எண்ணையும் கேட்கும் வழக்கம் நமக்கு வரவில்லை. கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. உணவியலில் முதுகலைப் பட்டமோ முதுகலை டிப்ளமோவோ, மருத்துவமனையில் பயிற்சி, இந்திய டயட்டெடிக் சங்கத்தின் தேர்வில் தேறி வாங்கிய ஆர்.டி. (பதிவு பெற்ற டயட்டீஷியன்) எண். இவை இருந்தால் அடிப்படை சரி. ஆனால் அது மட்டும் போதாது. சர்க்கரைக்கும் கிட்னிக்கும் அருமையாக ஆலோசனை சொல்பவருக்கு, வெட்டிச் சுருக்கிய வயிற்றைக் கையாண்ட பழக்கம் இல்லாமல் இருக்கலாம்.

முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிடும். என்ன ஆபரேஷன், ஸ்லீவா, பைபாஸா, எந்தத் தேதியில் நடந்தது என்று கேட்காமல் சார்ட்டை நீட்டுகிறவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள். நீங்களும் கேளுங்கள்: மூன்றாம் மாதம் என்னென்ன ரத்தப் பரிசோதனை சொல்வீர்கள்? நான் சைவம், நாளைக்கு 60 கிராம் புரதத்தை எதிலிருந்து எடுப்பேன்? ராத்திரி வாந்தி வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும்? பவுடர் நீங்களே விற்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம், இந்த பிராண்டுதான் வாங்க வேண்டும்' என்று பதில் வந்தால் எச்சரிக்கையாகுங்கள்.

அந்த 60 கிராம் கணக்கை நம் அடுப்படியில் வைத்துப் பாருங்கள். ஒரு இட்லியில் புரதம் சுமார் 2 கிராம். இட்லியை நம்பினால் முப்பது சாப்பிட வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் ஆறேழு, 100 கிராம் பன்னீரில் ஏறக்குறைய 18, உலர்ந்த மீல் மேக்கர் 25 கிராமில் 13. நல்ல டயட்டீஷியன் இந்தக் கணக்கை உங்கள் வீட்டுச் சமையலோடு பொருத்திக் காட்டுவார். சாம்பாரில் தண்ணீரைக் குறைத்துப் பருப்பைக் கூட்டச் சொல்வார். தட்டில் முதலில் முட்டையோ மீனோ பன்னீரோ, சாதம் கடைசியில் இடம் இருந்தால் மட்டும் என்பார். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள், அரை மணி நேரம் போகட்டும் என்பார். கல்யாண வீட்டில் பாயசம் குடித்த சிறிது நேரத்தில் நெஞ்சு படபடத்து, வியர்த்து, தலை சுற்றினால் அதற்கு டம்ப்பிங் என்று பெயர் சொல்லி, ஏன் வருகிறது என்று விளக்குவார். ஓட்ஸும் அவகாடோவும் எழுதித் தருகிறவரால் உங்களுக்கு என்ன பயன்?

இன்னொரு தகுதி, மனிதத் தன்மை. ஒன்றரை, இரண்டு வருடத்துக்குப் பிறகு சிலருக்கு எடை கொஞ்சம் திரும்பும். டயட்டீஷியன் அதிகம் தேவைப்படும் நேரமே அதுதான். அந்த நேரத்தில்தான் பலர் போவதை நிறுத்துகிறார்கள். ஏன் என்று கேட்டால், "போனா திட்டுவாங்க சார்" என்கிறார்கள். 'இவ்வளவு செலவு பண்ணியும் வாயைக் கட்ட முடியலையா' என்று கூடத்தில் பத்துப் பேர் முன்னால் கேட்கப்பட்டவரை எனக்குத் தெரியும். அவர் அதன்பின் மூன்று வருடம் எந்த மருத்துவமனைப் படியும் ஏறவில்லை, சத்து மாத்திரையும் போடவில்லை. திட்டுகிறவரை மாற்றுங்கள், சிகிச்சையை நிறுத்தாதீர்கள். டயட்டீஷியனை மாற்ற யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அதற்குத் தேவை ஒரு ஃபைல்தான். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, ஆபரேஷன் குறிப்பின் நகலும் வேண்டும். பைபாஸ் என்றால் குடலை எவ்வளவு நீளம் தாண்டி இணைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். உங்களுக்கு எவ்வளவு சத்துக் குறையும் என்பது அந்த நீளத்தைப் பொறுத்தது. இந்த ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி. 'ரெக்கார்ட் செக்‌ஷன்ல ஆள் இல்ல', 'எம்.டி. கையெழுத்து போடணும்' என்று இழுத்தடிப்பார்கள். வாயால் கேட்காமல், மெடிக்கல் ரெக்கார்ட் பிரிவின் பெயருக்குத் தேதியிட்ட கடிதம் எழுதி, நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று முத்திரையோடு வாங்குங்கள். அந்த முத்திரை விழுந்த பிறகு வேலை நடக்கும். மூன்று வருடம் வரைதான் ஆவணங்களை வைத்திருக்கும் கட்டாயம் அவர்களுக்கு உண்டு. ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

இன்னும் ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்களுக்கு வேலை எளிது. முன்பணம் கட்டும் முன்பே பேக்கேஜில் டயட்டீஷியன் ஆலோசனை எத்தனை முறை, எத்தனை மாதத்துக்கு, பெயர் என்ன என்று எஸ்டிமேட் தாளிலேயே எழுதி வாங்குங்கள். 'அதெல்லாம் லைஃப் லாங் சப்போர்ட் சார்' என்ற வாய்ப்பேச்சு எந்த மன்றத்திலும் நிற்காது. காப்பீடு இருப்பவர்கள் கவனிக்க: மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கான டயட்டீஷியன் கட்டணத்தைச் சிகிச்சைச் செலவில் அடங்க வேண்டிய இனங்களில் ஒன்றாகக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வைத்திருக்கிறது. பில்லில் தனி வரியாகப் போட்டு உங்கள் கையிலிருந்து வாங்கினால் கேளுங்கள். வைட்டமின், தாதுச் சத்துகளுக்கு, டாக்டர் அந்தச் சிகிச்சையின் பகுதியாக எழுதிக் கொடுத்திருந்தால் தவிர காப்பீட்டில் பணம் வராது. ஆகவே மாத்திரைகளின் பெயர் டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே இருக்கட்டும், துண்டுச் சீட்டில் வேண்டாம்.

காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் முதலில் அதன் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். பேக்கேஜில் எழுதிக்கொடுத்த ஆலோசனையைத் தராத மருத்துவமனை மீது என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டு வருடம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால் சில மருத்துவமனைகள் அதிலேயே இறங்கி வரும். தனியாரில் டயட்டீஷியனுக்குப் பணம் கட்ட முடியாதவர்கள், அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் உணவுப் பிரிவில் விசாரியுங்கள். அங்கே இருக்கும் தகுதியான டயட்டீஷியன்களை நம் மக்கள் பயன்படுத்துவதே இல்லை.

ஆபரேஷன் முடிந்து வருடங்கள் ஓடி, மாத்திரையும் நின்று, டயட்டீஷியனும் இல்லாமல் இருப்பவர்கள் புதிதாக ஒருவரைத் தேடும் முன் ரத்தப் பரிசோதனையை முடித்துவிட்டால் முதல் சந்திப்பு வீணாகாது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், ஆல்புமின் ஆகியவற்றை உங்கள் டாக்டரிடம் சொல்லி எழுதி வாங்குங்கள். முதல் வருடம் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களிலும், பிறகு ஆயுளுக்கும் வருடம் ஒருமுறையும் பார்க்க வேண்டியவை இவை. நன்றாக இருக்கிறேனே என்று விட்டுவிடாதீர்கள். பி12 குறைந்து விரல்கள் மரத்துப்போவதற்கு வருடங்கள் ஆகலாம், மரத்த பிறகு முழுதாகத் திரும்பும் என்ற உறுதி இல்லை. மறுபடியும் சொல்கிறேன், நன்றாக இருப்பவர்களும் பார்க்க வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் காத்திருந்து, இந்த அளவுகளைச் சரிசெய்த பிறகே முயல வேண்டும். மாத்திரைகளைத் திரும்பத் தொடங்கும்போது இரும்புச் சத்தையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் விழுங்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள், ரத்தம் கொடுக்கும் முன் அதை டாக்டரிடமும் லேப்பிலும் சொல்லி, எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில ஹார்மோன் பரிசோதனைகளின் முடிவை அது தவறாகக் காட்டிவிடும்.